ராஜா வேடம் கட்டிய ரோபோ: நகரி வட்டாரப் பொருட்காட்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆந்திர எல்லையோரத்து நகரி, புத்தூர் வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றி அமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழ்கிறவர்கள் இங்கே அதிகம். விசைத்தறி பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் பாரதம் படிப்பதும் இரவு முழுக்கக் கூத்து ஆடுவதும் எல்லைக்கு இரு பக்கமும் உண்டு.

கோடை விடுமுறையில் இந்த ஊர்களில் பொருட்காட்சி போடும் ஒப்பந்ததாரர் ஒருவர், ராட்டினத்தோடும் அப்பளக் கடைகளோடும் சேர்த்து ‘பேசும் ரோபோ’ கூடாரம் ஒன்றை அமைக்க விரும்பினார். இருபது நிமிடக் காட்சி. கூட்டத்தில் இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ரோபோ பதில் சொல்லும் என்பதே அவருடைய திட்டம். அருகில் உள்ள பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த மாணவர்கள் சிலர் முதல் வடிவத்தைச் செய்து தந்தார்கள். அது கூட்டத்தை நிறுத்திவைக்கவில்லை. அதன் பிறகுதான் நான் இயக்கக் கட்டுப்பாட்டுப் பணிக்காகக் குழுவில் சேர்ந்தேன். அதிலிருந்து அடுத்த கோடை முடியும் வரை நடந்ததை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று பதிவு செய்கிறேன்.

முதல் வடிவத்தில் கண்டவை

முதல் ரோபோ நின்ற நிலையில் இருந்தது. சிலிக்கான் முகம், பேன்ட் சட்டை, இரண்டு கைகளிலும் சேர்த்து பத்துக்கு மேற்பட்ட சர்வோ மோட்டார்கள் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பவை). கேள்வியை மைக் வாங்கும். செல்போன் இணைப்பு வழியாக அது எழுத்தாகும். பதில் தயாராகிச் செயற்கைக் குரலில் வெளிவரும். மாணவர்களின் உழைப்பில் குறையே இல்லை. அமைதியான ஆய்வகத்தில் அது நன்றாகவே பேசியது.

கூடாரத்தில் கண்டது வேறு. பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி மைக்கில், “உன் அம்மா பேர் என்ன?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அதன் வாயையே பார்த்தாள். பதில் வரவில்லை. திரும்பிப் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பாட்டி கையைப் பிடித்து இழுக்க, இருவரும் நகரத் தொடங்கிய பிறகு ரோபோ, “எனக்கு அம்மா இல்லை, என்னைப் பொறியாளர்கள் உருவாக்கினார்கள்” என்றது. அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. மூன்று நான்கு விநாடித் தாமதம்தான். ஆனால் மனிதர்கள் ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் இடைவெளி பெரும்பாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அந்த அளவுக்குப் பழகிய காதுக்கு மூன்று விநாடி என்பது ‘இது என்னைக் கவனிக்கவில்லை’ என்றே பொருள்படும்.

தெலுங்கில் வந்த கேள்விகளும் பாதி தெலுங்கு பாதி தமிழாக வந்த கேள்விகளும் எழுத்தாகும்போதே சிதைந்தன. பக்கத்து ராட்டினத்தின் பாட்டு மைக்கில் புகுந்தது. கைகள் காரணமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. அந்த மோட்டார்களின் ரீங்காரம் முன்வரிசை வரை கேட்டது. கைக்குழந்தைகள் சிலிக்கான் முகத்தைக் கண்டு அழுதார்கள். மனித உருவத்தை மிக நெருங்கியும் முழுதாக எட்டாத உருவம் பார்ப்பவரை மிரள வைக்கும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். அதே கட்டுரையில், மனிதத் தோலைப் போலி செய்யாத ஜப்பானியப் புன்ராக்கு மரப்பொம்மை மேடையில் நமக்கு நெருக்கமாகிவிடுவதையும் அவர் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு வழி காட்டியது அந்த இரண்டாம் பகுதி.

வாத்தியாரோடு உட்கார்ந்த நாள்

அதே பொருட்காட்சியில் மாலை மேடையில் ஒரு கூத்துக் குழுவும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் வாத்தியார் பல ஆண்டுகளாகக் கட்டியங்காரன் வேடம் கட்டுகிறவர். ரோபோ கூடாரத்தில் வந்து உட்கார்ந்து பார்க்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம். இரண்டு காட்சிகளை வாய் திறக்காமல் பார்த்தார். பிறகு மாணவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, இவன் யார்?”

ரோபோ என்றார்கள். “அது சரி. மேடையில் இவன் யார்? வேலைக்காரனா, வெளியூர்க்காரனா, ராஜாவா? அது தெரியாமல் ஜனங்கள் இவனிடம் என்ன கேட்பார்கள்?”

கூத்தில் எந்தப் பாத்திரமும் தானாக வந்து பேசத் தொடங்காது. திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தை, ‘வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன காரியம்’ என்று கட்டியங்காரன் கேட்டுக் கேட்டுத்தான் சபைக்கு அறிமுகம் செய்வான். சபையில் எழும் குரலை வேடத்திடம் கொண்டு போகிறவனும் அவன்தான். எங்கள் கூடாரத்தில் அந்த ஆள் இல்லை. பார்வையாளர் நேராக இயந்திரத்தோடு மோதிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் சொன்ன அடுத்த வார்த்தைதான் மொத்த வடிவமைப்பையும் திருப்பியது: “இவனை ராஜாவாக உட்கார வையுங்கள். ராஜா எடுத்த எடுப்பில் பதில் சொல்ல மாட்டான். கேட்கிறவனைப் பார்ப்பான், மீசையைத் தொடுவான், அப்புறம் சொல்வான். அந்த நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

தாமதத்தைக் குறைக்கவே அதுவரை எல்லோரும் போராடிக்கொண்டிருந்தோம். தாமதம் பொருந்துகிற வேடத்தைத் தேடலாம் என்பதை ஒரு கூத்துக் கலைஞர் சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்: மேடை ரோபோவுக்கு மோட்டார் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேடம் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த முடிவை எடுக்கும் இடத்தில் மேடை தெரிந்தவர் இருக்க வேண்டும்.

வாத்தியார் ஒரு நிபந்தனையும் வைத்தார். கோயில் கூத்தில் கட்டும் கிரீடத்தை இயந்திரத்துக்கு வைக்கக் கூடாது. தருமர், கிருஷ்ணர், திரௌபதி யாருடைய பெயரும் அதற்கு வேண்டாம். பெயரில்லாத ஒரு நாட்டு ராஜா போதும். அனைவரும் ஒப்புக்கொண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*குரல்.* செயற்கைக் குரலையும் தானியங்கிப் பதிலையும் நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் ஒரு கூத்துக் கலைஞர் உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தோம். மாணவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்படியானால் இது ரோபோ அல்ல, பொம்மலாட்டம் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1964 நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் வால்ட் டிஸ்னியின் குழு காட்டிய லிங்கன் உருவம் மக்களை அசர வைத்தது. ஆனால் ஒரே உரையைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்காகச் செய்யப்பட்டது அது. சபையோடு பேச வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. ஜப்பானில் 2010இல் நாடக இயக்குநர் ஒரிசா ஹிராட்டாவும் ரோபோ ஆய்வாளர் ஹிரோஷி இஷிகுரோவும் மேடையேற்றிய நாடகத்தில்கூட, பெண் உருவ ரோபோவுக்கு மேடைக்கு வெளியிலிருந்து ஒரு நடிகைதான் குரல் கொடுத்தார். இயந்திரம் எதைத் தானாகச் செய்ய வேண்டும், எதை மனிதர் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதே வடிவமைப்பு என்பதை மாணவர்கள் மெல்ல ஏற்றார்கள். மூச்சு வாங்குவதுபோல் மார்பு ஏறி இறங்குவது, இமைப்பது, பேச்சுக்கு ஏற்பத் தாடை அசைவது, தலை திரும்புவது ஆகியவை இயந்திரத்தின் பொறுப்பு. எப்போது சிரிப்பது, எப்போது கையைத் தூக்குவது, என்ன பேசுவது ஆகியவை கலைஞரின் பொறுப்பு. கை அசைவுகளை அவர் கால் பெடல்களால் தூண்டுவார்.

காட்சி முடிந்ததும் குரல் கொடுத்தவர் திரைக்கு முன் வந்து வணங்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்தோம். இயந்திரமே யோசித்துப் பேசியது என்ற எண்ணத்தோடு யாரும் வீடு திரும்பக் கூடாது. டிக்கெட் விற்பனை குறையுமோ என்று ஒப்பந்ததாரர் தயங்கினார். வாத்தியார் பிடிவாதமாக இருந்தார்.

*உடல்.* நடக்கும் ரோபோ வேண்டாம் என்பதில் விவாதமே எழவில்லை. கூடாரத் தரை மண், குறுக்கே கேபிள்கள். ஹோண்டா நிறுவனத்தின் பல ஆண்டு உழைப்பில் உருவான ஆசிமோ ரோபோகூட 2006இல் டோக்கியோவில் மக்கள் முன்னிலையில் படி ஏறும்போது விழுந்தது. கூத்தில் ராஜ வேடம் சுழன்றாடி வருவதை நாங்கள் கனவிலும் செய்ய முடியாது. ஆகவே திரை விலகும்போதே ராஜா சிம்மாசனத்தில் வீற்றிருப்பார்.

முகத்தை ஊர்த் தச்சர் ஒருவர் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கினார். கூத்துக் கிரீடமும் புஜக்கட்டையும் செய்யும் எடை குறைந்த மரம் அது. அதன் மேல் கூத்து ஒப்பனையின் சிவப்பும் பெரிய மீசையும். இமை, கருவிழி, தாடை மூன்று மட்டுமே அசையும்.

கைகளில்தான் உள்ளூர் விசைத்தறி மேஸ்திரி ஒருவரின் பங்கு வந்தது. தோளிலும் முழங்கையிலும் மோட்டாரை வைத்தால் கை கனத்துவிடும். கனத்த கை யார் மேலாவது பட்டால் அடி பலமாக விழும். மோட்டார்களைச் சிம்மாசனத்துக்குள் இறக்கிவிட்டு, சைக்கிள் பிரேக் கேபிள்களால் கையை இழுக்கலாம் என்றார் அவர். கையின் எடையைத் தாங்கத் தறியில் பயன்படும் சுருள்வில்லை மாட்டினார். இதனால் சிறிய மோட்டார் போதுமானதாக இருந்தது. சத்தமும் மரப்பெட்டிக்குள் அடங்கியது. கேபிள் நாளாக நாளாக இளகும் என்பதால் தினமும் மாலை அதை முறுக்கிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் தகும்.

*தாடை.* குரலின் உரத்தைக் கொண்டு தாடை திறக்கும் அளவைத் தீர்மானித்தோம். சாதாரண சர்வோ மோட்டார் 60 பாகை திரும்ப ஏறக்குறைய 0.15 விநாடி எடுத்துக்கொள்ளும். தாடை பின்தங்கினால் டப்பிங் சரியில்லாத படம் பார்ப்பதுபோல் இருக்கும். ஒலியைச் சிறிது தாமதித்து ஸ்பீக்கருக்கு அனுப்பினோம். உடனே வேறொரு தொல்லை முளைத்தது: தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்ததும் கலைஞருக்கு நாக்குக் குழறியது. இது பெரும்பாலானோருக்கு நேர்வதுதான். தாமதமில்லாத குரலை அவருக்குக் காதை மூடும் ஹெட்போனில் கொடுத்தோம். தாடை திறக்கும் கோணத்தையும் குறைத்தோம். கூத்து ஒப்பனையில் உதடு பளிச்சென்று தெரிவதால் சிறிய அசைவே போதுமானதாக இருந்தது.

*பார்வை.* முதல் வடிவத்தில் கேமரா, கண்ணில் பட்ட பெரிய முகத்தை நோக்கித் தலையைத் திருப்பியது. அதனால் பின்னால் நிற்கும் சிறுவர்கள் ஒருபோதும் ராஜாவின் கண்ணில் படவில்லை. இப்போது கட்டியங்காரனின் கோல் நுனியில் அகச்சிவப்பு விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கோல் யாரைச் சுட்டுகிறதோ அவரை ராஜா பார்ப்பார். ஒத்திகையில் தலை அடிக்கடி மேடை விளக்கை நோக்கி ஓடியது. ஹாலஜன் விளக்குகள் அகச்சிவப்பை அள்ளிக் கொட்டுபவை. அவற்றை எல்இடி விளக்குகளாக மாற்றி, கோல் விளக்கைக் குறிப்பிட்ட வேகத்தில் துடிக்கச் செய்ததும் குழப்பம் தீர்ந்தது.

இதன்பின் காட்சி இப்படி அமைந்தது. பார்வையாளர் கேட்பார். கட்டியங்காரன் கோலை அவர் பக்கம் நீட்டி, “மகாராஜா, இந்த அம்மா கேட்பது என்னவென்றால்…” என்று உரக்கச் சொல்வார். தெலுங்கில் கேட்டால் தமிழில் சொல்வார். சபைக்குத் தெலுங்கு பிடிக்குமென்றால் இரண்டிலும் சொல்வார். அந்தக் கேள்வி கூடாரம் முழுக்கக் காதில் விழும். ராஜாவின் தலை மெல்லத் திரும்பும். குரல் கொடுப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். முன்பு கூட்டத்தைக் கலைத்த அதே மூன்று விநாடி, இப்போது அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கும் நேரமானது.

ஜெனரேட்டர் மாறிய இரவு

அடுத்த கோடையின் தொடக்கத்தில், நிறைந்த கூடாரத்தில், மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. மின்சாரம் திரும்பியபோது கணினி எழுந்திருப்பதற்கு முன் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை எழுந்துகொண்டது. எல்லா மோட்டார்களும் நடுநிலைக்குப் பாய்ந்தன. வலது கை விசிறி எழுந்து, அருகில் நின்ற வாத்தியாரின் தலைப்பாகையைத் தட்டி விழச் செய்தது. அவர் உடனே, “மகாராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது” என்று சமாளித்தார். கூட்டம் சிரித்தது. அவருக்குக் காயம் இல்லை.

அன்றிரவு மீதிக் காட்சிகளை ரத்து செய்து டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஒப்பந்ததாரருக்கு வருத்தம்தான். ஆனால் தலைப்பாகை இருந்த இடத்தில் ஒரு குழந்தையின் முகம் இருந்திருக்கலாம். மனிதரோடு இணைந்து இயங்கும் தொழிற்சாலை ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 15066 (2016) ஆவணம், உடலின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று வரையறுக்கிறது. அது வேலை செய்யும் பெரியவர்களை மனத்தில் கொண்டது. அதிலேயே முகத்தில் படும் அடிக்கு இடம் கொடுக்கவில்லை என்றால், பிள்ளைகள் நிற்கும் பொருட்காட்சிக்கு நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

மாற்றங்கள் மறுநாளே தொடங்கின. கணினி எழுந்து, கைகள் இருக்கும் நிலையைப் படித்து முடிக்கும் வரை மோட்டார்களுக்கு மின்சாரம் போகாதபடி தடுக்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). மின்மாற்றத்தைத் தாங்கும் பேட்டரி. கை வில்லின் இழுவையை, மின்சாரம் இல்லாதபோது கை மெல்ல மடியில் இறங்குமாறு மாற்றினார் மேஸ்திரி. சிவப்பு நிறுத்த பொத்தான்கள் இரண்டு. ஒன்று திரைக்குப் பின், மற்றொன்று கட்டியங்காரனின் காலடியில். சிம்மாசனத்தை மேடை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, நடுவில் கயிறு கட்டினோம். முழங்கை இடுக்கில் விரல் சிக்காமல் துணியால் போர்த்தினோம்.

விளைவு

பார்வையாளர்கள் காட்சி முடியும் வரை உட்கார்ந்தார்கள். பலர் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். கேள்விகளின் தன்மையே மாறியது. முன்பு, “இரண்டும் இரண்டும் எத்தனை?” என்று இயந்திரத்தைச் சோதித்தார்கள். இப்போது நூல் விலையை ராஜா எப்போது குறைப்பார் என்றும், மாம்பழக் கூழ் ஆலைக்காரரிடம் சொல்லி நல்ல விலை வாங்கித் தருவாரா என்றும் முறையிட்டார்கள். அது ராஜாவிடம் வைக்கும் விண்ணப்பம். குரல் கொடுத்த கலைஞர் நெசவுக் குடும்பத்துக்காரர். அவரால் அதற்குப் பொருந்திய பதில் சொல்ல முடிந்தது. கணினியின் பதிலில் அந்தச் சூடு இருந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். திரைக்கு முன் வந்து அவர் வணங்கும்போது கைதட்டல் கூடியதே ஒழியக் குறையவில்லை. ஒப்பந்ததாரரும் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

தீராத சிக்கல்களும் உண்டு. கத்திரி வெயிலில் சிம்மாசனப் பெட்டிக்குள் மோட்டார்கள் கொதித்தன. மின்விசிறி வைத்தால் அதன் ஓசை மைக்கில் ஏறியது. காட்சிகளுக்கு இடையே பெட்டியைத் திறந்து வைத்துத்தான் சமாளித்தோம். குரல் கலைஞருக்கு ஒரு மாலையில் தொடர்ந்து பல காட்சிகள் என்பது தொண்டையைப் பதம் பார்த்தது. கூத்தில் இரவு முழுக்க ஆடினாலும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓய்வு உண்டு. இங்கே அது இல்லை. இரண்டாவது ஆளாக, இரு மொழியிலும் பேசக்கூடிய இளைஞர் ஒருவரை வாத்தியார் பழக்கினார்.

ஊதியத்தில் கூத்துக் கலைஞர்கள் இருவருக்கும் கூத்து இரவுக்கு உரிய கூலியைவிடக் குறையக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தோம். அது முழுதாக நிறைவேறியது.

மாற்ற வேண்டியவை

அடுத்த வடிவில் பெட்டியின் சூட்டைப் பின்பக்கக் குழாய் வழியாகக் கூடாரத்துக்கு வெளியே தள்ள வேண்டும். விசிறி அந்தக் குழாயின் மறுமுனையில் இருந்தால் ஓசை உள்ளே வராது. கேபிள் இளகுவதை மேஸ்திரியின் கைப்பழக்கத்தை நம்பி விடாமல், ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் இயந்திரமே அளந்து சொல்ல வேண்டும். பெடல்களுக்குப் பதிலாகக் கலைஞரின் கையசைவையே படிக்கும் கருவி வைக்கலாம் என்று மாணவர்கள் விரும்புகிறார்கள். கலைஞர் பெடலையே கேட்கிறார். தாளத்துக்குக் கால் தானாகப் போகிறது என்கிறார். இதில் அவர் சொல்வதே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் ஒரு வரி விடுபட்டிருந்தது. காட்சிகளின்போது பதிவான கலைஞரின் குரல் பல மணி நேரம் கணினியில் இருக்கிறது. அதைக் கொண்டு அவர் இல்லாமலே அவர் குரலில் பேச வைக்கும் வசதி இன்று எளிதில் கிடைக்கிறது. வேறு ஊர்களிலும் கூடாரம் போட நினைக்கும் ஒப்பந்ததாரர் ஒருமுறை அதைப் பற்றி விசாரித்தார். அடுத்த கோடைக்கான ஒப்பந்தத்தில், பதிவுகள் கலைஞருக்கே சொந்தம், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதமும் தனி ஊதியமும் இல்லாமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சேர்த்திருக்கிறோம். வாத்தியாரும் மேஸ்திரியும் மாணவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒப்பந்ததாரரின் கையெழுத்து கிடைத்த பிறகே புதிய கைகளுக்கு மரம் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.